நைனா மரியாதைக்குச் சொன்னது

1966 ஜூன் 9, வியாழன்

பள்ளி திறந்துவிட்டது. பத்தாம் வகுப்பு. எனக்கு ஜன்னலோர பெஞ்ச் கிடைத்திருக்கிறது. அங்கிருந்து துறைமுகத்துக் கிரேன் ஒன்றின் தலை மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழேதான் எங்கேயோ நைனா சரக்கு தூக்கும் விஞ்ச் ஓட்டிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே பூகோள வகுப்பைக் கோட்டைவிட்டேன்.

தம்பி பள்ளிக்குப் போகவில்லையாம். போன வருஷமும் நிறைய மட்டம் போட்டதால் நைனா இன்று அரை நாள் வேலையை விட்டு அவனை இழுத்துக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நிறுத்தினார். ஸ்டானிஸ்லாஸ் என்று ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எங்கள் தெருவில் யார் வாயிலும் நுழையவில்லை. எல்லோருக்கும் அவன் தானிதான். சாயங்காலம் தானி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, நைனா பேசியதை அப்படியே நடித்துக் காட்டினான். "நம்ம கைக்கு அடங்கல சார். கண்ணு ரெண்டை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சிடுங்க. இன்னான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்." அதற்குத் தலைமையாசிரியர், "உன்னை மாதிரி தகப்பன் இருந்தா பையன் தேறிடுவான் கஸ்பார்" என்று தட்டிக்கொடுத்தாராம். வெளியே வந்ததும் நைனா அவனுக்குக் கமர்கட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். நடிப்பைப் பார்த்து நைனாவே விழுந்து விழுந்து சிரித்தார். தங்கை ரோசிக்கு ஒன்றும் புரியாமல் அவளும் சிரித்தாள்.

நைனா இதுவரை தானியை ஒரு அடி அடித்ததில்லை. இது தலைமையாசிரியருக்குத் தெரியாது.

ஜூன் 14, செவ்வாய்

ரேஷனில் அரிசி இல்லை, மறுபடியும் அமெரிக்காவிலிருந்து வரும் கப்பல் கோதுமை. அம்மா அதைப் பார்த்தாலே முகத்தைச் சுளிக்கிறாள். ஆனால் தானி பனியன் நிறையக் கோதுமை கொண்டுவந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேகனுக்கு அடியில் சிந்திக் கிடந்ததாம். நான்தான் கேட்டேன், அது நம்முடையதா என்று.

"தரையில கெடக்கறதுக்கு யாரு சொந்தக்காரன்? நான் பொறுக்கலன்னா புறா பொறுக்கும். நீ போயி புக்கைத் துன்னு க்கா."

அம்மா முறத்தில் போட்டுக் கல் பொறுக்கினாள். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டோம். நானும் சாப்பிட்டேன்.

ஜூன் 17, வெள்ளி

தானி வீட்டுக்கு வரவில்லை. அவனோடு சுற்றும் கமாலும் வரவில்லை. கமாலின் அம்மா தெருமுனையில் நின்று, "எம் புள்ளைய எங்கடா கொண்டு போனீங்க" என்று யாரையும் குறிப்பிடாமல் கத்திக்கொண்டிருக்கிறாள். அம்மா ஜெபமாலையைக் கையில் எடுத்தவள் ஜெபம் சொல்லாமலே உட்கார்ந்திருக்கிறாள்.

ஜூன் 18, சனி

ரயில்வே போலீஸ் பிடித்திருக்கிறது. சிந்தியதைப் பொறுக்கியதற்கு இல்லை. மூட்டையில் குத்தினால் தானியம் தானாக வழியும் இரும்புக் குழாய் ஒன்று இருக்கிறதே, குத்தூசி, மூட்டையிலிருந்து மாதிரி எடுத்துப் பார்க்க வியாபாரிகள் வைத்திருப்பார்கள், அது தானியின் கையில் இருந்ததாம். அது கமாலுடையது என்று தெருவுக்கே தெரியும். கமால் தானியைவிட இரண்டு வயது பெரியவன். ஆனால் ஓடும்போது அதைக் கையில் பிடித்திருந்தது என் தம்பி.

நைனா ஸ்டேஷனுக்குப் போனபோது இருவரையும் சிறுவர் இல்லத்துக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சிறுவர் கோர்ட்டில் கேஸ் நடக்குமாம். நைனாவோடு வேலை செய்யும் திருமலை மாமா கூடப் போனார். யூனியன் ஆபீசில் எழுதப் படிக்க உதவுகிறவர் அவர். "பெரிய ஜெயில் கெடையாது கஸ்பாரு, பசங்க கோர்ட்டு. பயப்படாத" என்றார். அம்மா கேட்டாள்: "பசங்க ஜெயிலுன்னு ஒண்ணு கீதா?"

ஜூன் 19, ஞாயிறு

குடிமையியல் புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு பத்தி இருக்கிறது! போன வருஷம் மதிப்பெண்ணுக்காகப் படித்தது. இன்று அம்மாவுக்காக உரக்கப் படித்தேன். சிறுவர் நீதிமன்றம் தண்டிப்பதற்காக அல்ல, திருத்துவதற்காக. அங்கே நீதிபதி தாயைப்போல நடந்துகொள்வார். போலீஸார் சீருடையில் வரமாட்டார்கள். நல்ல வீடு இருக்கும் பிள்ளையைப் பெற்றோரிடமே ஒப்படைப்பார்கள்.

அந்தக் கடைசி வரியை மட்டும் அம்மா இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பிறகு நைனா வந்தார். அவருக்கும் படித்தேன். "நமக்கு நல்ல வூடுதானே?" என்று நைனா என்னைக் கேட்டார். சுவரைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், ஆமாம் என்றேன்.

ஜூன் 26, ஞாயிறு

பெற்றோர்தான் பார்க்கலாமாம். நான் கேட்டுக்கு வெளியே ரோசியோடு நின்றேன். திரும்பி வந்ததும் அம்மா ரோசியை என்னிடமிருந்து வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். நைனாதான் சொன்னார், தலையை மொட்டையடித்திருக்கிறார்கள். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "இராயப்பர் திருநாளுக்குள்ள வந்துடுவேனா?" அது எங்கள் கோயில் திருநாள்; பூசைக்கு உதவி செய்கிற பையன்களில் மணி அடிப்பது அவன்தான். லத்தீன் பதில்கள் எல்லாம் அர்த்தம் தெரியாமலே மனப்பாடம். இப்போது பூசை தமிழுக்கு மாறிக்கொண்டிருப்பதால் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது என்று போன மாதம் சலித்துக்கொண்டான்.

நைனா, "வந்துடுவடா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஜூன் 29, புதன்

திருநாள். வேறு பையன் மணி அடித்தான். இரண்டு இடத்தில் தப்பு.

ஜூலை 5, செவ்வாய்

இதை ஒழுங்காக எழுத வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

போர்டுகளைப் படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்று நைனா என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டிப்போனார். வெளியே வராந்தாவில் எத்தனை அம்மாக்கள்! எல்லோரும் இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தவர்களைப்போல. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முதலில் கமாலைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தியிருந்தும் அவன் அம்மாவின் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது. "எம் புள்ள தங்கம்மா! ஊர்ல எவனாவது ஒரு கொறை சொல்லட்டும், நாக்கை இழுத்து வெச்சி அறுக்கறேன்! இவன் ஐஸ் வண்டி தள்ளிகினு வந்தாதான் எங்க வூட்ல அடுப்பு எரியும். நான் பாத்துக்குவேன், நீ அனுப்பு!" நீதிபதியை 'நீ' என்றாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். "வாயைப் பாரு. காரியத்தையே கெடுத்துக்கினா" என்று நைனா முணுமுணுத்தார்.

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதும் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஏனென்றால் எல்லாம் பாடத்தில் சொன்னபடியே இருந்தது. கூண்டு இல்லை. ஒரு நீண்ட மேஜை, பூப்போட்ட திரை, மூன்று அம்மாக்கள். நடுவில் கண்ணாடி போட்டவர்தான் நீதிபதி. அம்மாவை உட்காரச் சொன்னார். அம்மா உட்காரவில்லை. தானி ஒரு ஓரத்தில் நின்றிருந்தான். சட்டை பெரிது. என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான். நீயுமா வந்தாய் என்று கேட்கிற மாதிரி.

நீதிபதி நல்லவர்தான். குரல் மெதுவாக இருந்தது. "இவனை வீட்டுக்கு அனுப்பினா உங்களால பாத்துக்க முடியுமா?" என்று கேட்டார்.

நைனா துண்டை இடுப்பில் கட்டினார். முதுகையும் வளைத்தார்.

"நம்ம கைக்கு அடங்காத புள்ளம்மா. நாங்க இன்னா, ஒண்ணுந் தெரியாத ஜனம். நீங்கதான் தாய் மாதிரி. கண்ணு ரெண்டை மட்டும் உட்டுட்டு தோலை உரிச்சாலும் ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்."

தானி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டான். அவன் நடித்துக் காட்டியது அப்படியே அல்லவா! அந்த மூன்று அம்மாக்களும் சிரிக்கவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "வீட்டிலே அடிப்பீங்களா?" என்று கேட்டார். நைனா தயங்கினார். அடிக்காத தகப்பன் என்றால் கேவலம் என்று நினைத்திருப்பார். "பின்ன? அடிக்காம வளப்பனாம்மா?" என்றார். நீதிபதி அம்மா பக்கம் திரும்பினார். அம்மா கையைக் கூப்பி, "எங்க சொல்பேச்சு கேக்கறதில்லம்மா. நீங்க பாத்து எது செஞ்சாலும் சரி" என்றாள்.

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் தாவணியைப் பிடித்து இழுத்தாள்.

நீதிபதி பக்கத்தில் இருந்த குமாஸ்தாவிடம் இங்கிலீஷில் நிறுத்தி நிறுத்திச் சொல்ல, அவர் எழுதினார். நான் படித்த இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது. பெற்றோர் தங்களால் இவனை அடக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார்கள். வீட்டில் கடுமையாக அடிக்கப்படுகிறான். வீட்டுக்கு அனுப்புவது பையனின் நலனுக்கு உகந்ததுதானா என்று விசாரிக்க வேண்டும்.

வெளியே வந்ததும் நைனா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நல்லா பேசினேன் இல்ல?" என்றார். அம்மா ஆமாம் என்று தலையசைத்தாள். "அந்த அம்மா முகத்துல எரக்கம் தெரிஞ்சுது" என்றாள்.

தெரிந்தது உண்மைதான். இரக்கம் தானி மேல்.

ஜூலை 6, புதன்

சொல்லிவிட்டேன். முதலில் நைனா நம்பவில்லை. "இங்கிலீஷ்ல அப்டித்தான் நீட்டி எய்துவாங்க" என்றார். இல்லை நைனா, நீங்க மறுபடி போய், எம் புள்ள நல்ல புள்ள, நான் பாத்துக்குவேன்னு சொல்லுங்க என்று கெஞ்சினேன்.

"நீ இஸ்கோல்ல படிக்கிறது வேற ஃப்ளோரா. நான் சின்ன வயசிலேர்ந்து தொரைங்க கீழ வேலை செஞ்சிகினு கீறேன். எம்புள்ள ஒசத்தின்னு அவங்க மூஞ்சிக்கு நேரா சொன்னா கடுப்பாவாங்க. பணிஞ்சி போனாதான் மனசு எறங்கும்."

அம்மாவும் சேர்ந்துகொண்டாள். "பாவசங்கீர்த்தனத்துல போயி நான் நல்லவன்னா சொல்லுவே? என் பாவமே, என் பாவமேன்னு நெஞ்சுல அடிச்சிகினாதான் மன்னிப்பு."

எனக்கும் அதைத்தானே கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்? ஆனால் சாமியார் எதையும் எழுதிக்கொள்வதில்லையே. இதை எப்படி அவர்களுக்குச் சொல்வேன்?

ஜூலை 8, வெள்ளி

கமாலை அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். நன்னடத்தைக்கு அவள் கைரேகை வைத்திருக்கிறாளாம். தெருவில் சாதாரணமாக நடந்து போகிறான். எங்கள் வாசலுக்கு வந்து நின்றான். "க்கா, அந்தக் குத்தூசி என்துன்னு சொல்ல வந்தேன் க்கா. எங்கம்மா தொடையில கிள்ளிட்டா." அம்மா கதவைச் சாத்தினாள்.

நான் கமாலின் அம்மாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்று அவளைப் பார்த்து நான்கூட வெட்கப்பட்டேன்.

ஜூலை 13, புதன்

கோர்ட்டிலிருந்து நன்னடத்தை அதிகாரி விசாரிக்க வந்தார். இதுதான் சந்தர்ப்பம் என்று காலையிலிருந்தே வாசகங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அம்மா வீட்டைக் கழுவிவிட்டாள். பக்கத்து வீட்டு நாற்காலி, எதிர் வீட்டுக் கண்ணாடி டம்ளர். அதிகாரி காப்பி குடித்தார். தானி எப்படிப்பட்டவன் என்று கேட்டார். அம்மா அவரிடமும் அதையே ஆரம்பித்தாள், "அவன் சரியில்லாமதான சார் நீங்கெல்லாம் இவ்ளோ தூரம் வர வேண்டியதா போச்சு..."

நான் குறுக்கே புகுந்தேன். "சார், எங்க நைனா கோர்ட்ல சும்மா சொன்னார். அவர் அடிக்கவே மாட்டார். தம்பி கோயில்ல மணி அடிக்கிறவன். நைனா சொன்னால் கேட்பான்."

அவர் டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபமில்லை. "அப்போ உங்கப்பா கோர்ட்டிலே பொய் சொன்னாராம்மா?"

நைனா சுவரோரமாக நின்றிருந்தார். வேலைக்குப் போகிற காக்கிச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஆமாம் என்று ஒரே வார்த்தைதான் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால் நைனா பொய்யர். கோர்ட்டில் பொய் சொன்னால் என்ன செய்வார்கள் என்று பாடத்தில் இல்லை. நைனாவையும் பிடித்துக்கொண்டு போனால்?

"என் பொண்ணுக்குத் தம்பி மேல உசுரு சார். அதான் பேசுது" என்றார் நைனா.

அதிகாரி சிரித்து, "நல்ல பொண்ணு. நல்லா படி" என்று எழுந்துவிட்டார்.

நான் தயார் செய்த வாசகங்கள் இன்னும் அப்படியே மனப்பாடமா கீது. யாருக்கு இன்னா பிரயோஜனம்? படிச்சி இன்னா கிழிச்சேன்?

ஜூலை 19, செவ்வாய்

மூன்று வருஷம். சீர்திருத்தப் பள்ளி. ரயிலில் போக வேண்டிய ஊர்.

நீதிபதி இந்தத் தடவை தமிழிலேயே சொன்னார். எங்களுக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். "நீங்க கேட்டுக்கிட்டபடியே நல்ல கட்டுப்பாட்டிலே வைக்கிறோம். தச்சு வேலை கத்துப்பான். மனுஷனா திரும்பி வருவான்."

நீங்கள் கேட்டுக்கொண்டபடியே.

நைனாவுக்கு அது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பிறகு மேஜை வரைக்கும் போய்விட்டார். "நான் அத்த மரியாதைக்குச் சொன்னேம்மா. மரியாதைக்கு... தாயே, எம் புள்ள நல்ல புள்ள. கோயில்ல மணி அடிப்பான். நான் ஒரு நாளு தொட்டதில்ல அவன. மரியாதைக்குத்தான் சொன்னேன்." கமாலின் அம்மா கத்தியதைவிட உரக்கக் கத்தினார். குமாஸ்தா அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அடுத்த பையனின் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

வராந்தாவில் தானியை அழைத்துப் போகும்போது அவன் நைனாவைத் திரும்பிப் பார்த்தான். இந்தத் தடவை சிரிப்பை அடக்கவில்லை, அடக்க ஒன்றும் இல்லை. "நீதான நைனா உரிக்கச் சொன்னே" என்றான்.

ஜூலை 20, புதன்

யாரும் சமைக்கவில்லை.

ஆகஸ்ட் 15, திங்கள்

மாதா திருநாள், கொடியேற்றம், இரண்டும். பள்ளியில் மிட்டாய் கொடுத்தார்கள். ரோசிக்குக் கொண்டுவந்தேன்.

மேலிடத்துக்கு அனுப்பத் திருமலை மாமா ஒரு மனு எழுதிக் கொடுத்தார். நானும் கூட உட்கார்ந்து வார்த்தைகளைத் திருத்தினேன். 'தகப்பன் பணிவின் காரணமாகக் கூறியது' என்று எழுதியிருக்கிறோம். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பும்படி இல்லை.

அக்டோபர் 2, ஞாயிறு

மனுவுக்குப் பதில் இல்லை.

அக்டோபர் 23, ஞாயிறு

பங்குச் சாமியார், எல்லாம் நன்மைக்கே, அங்கே தொழில் கற்றுக்கொள்வான் என்றார். தெருவில் கேட்பவர்களுக்கு அம்மா, "போர்டிங் இஸ்கோல்ல படிக்கிறான்" என்கிறாள். பள்ளி என்ற பெயரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யாரும் நம்புவதில்லை. ஆனால் யாரும் மறுப்பதும் இல்லை.

டிசம்பர் 18, ஞாயிறு

தானியைப் பார்க்கச் சீர்திருத்தப் பள்ளிக்குப் போனோம், இந்தத் தடவை என்னையும் உள்ளே விட்டார்கள். உயரமாகிவிட்டான். அம்மா கிறிஸ்துமஸுக்குச் செய்து கொண்டுபோன கல்கலாப் பொட்டலத்தை வாங்கிப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றான். உட்காரச் சொன்னால்தான் உட்கார்ந்தான். நான் நூலகத்தில் படித்த கதையெல்லாம் சொன்னேன். 'புக்கைத் துன்னுறியா' என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. விரல்களில் உளிக்காயம். முதுகில் ஏதாவது இருக்கிறதா என்று அம்மா சட்டைக்கு மேலேயே தடவிப் பார்த்தாள். அவன் விலகிக்கொண்டான்.

மணி அடித்ததும் சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். நைனா அவன் தோளைத் தொட்டு, "ஒடம்ப பாத்துக்கோடா கண்ணு. ஒழுங்கா இரு. சீக்கிரம் உட்டுடுவாங்க" என்றார்.

"சரி சார்" என்றான் தானி.

நைனாவைச் 'சார்' என்று சொன்னது அவனுக்கே தெரியவில்லை. நைனாவுக்குத் தெரிந்தது. ரயிலில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தார். எங்கள் ராயபுரம் வந்தும் இறங்கத் தோன்றாமல் இருந்தவரை நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

1967 ஜூன் 12, திங்கள்

ரொம்ப நாள் எழுதவில்லை. இன்று ஒன்று எழுத வேண்டும்.

ரோசியை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நைனாவும் நானும் போனோம். தானி படித்த அதே பள்ளிதான். சின்ன வகுப்புகளில் பெண் பிள்ளைகளும் உண்டு. தலைமையாசிரியரும் அவரேதான். நைனாவை அடையாளம் கண்டுகொண்டார். தானியைப்பற்றிக் கேட்கவில்லை, அதற்குப் பதிலாகச் சிரித்துக்கொண்டு, "என்ன கஸ்பார், சின்னதையும் கூட்டிட்டு வந்துட்டியா? கண்ணை மட்டும் விட்டுட்டு மீதியை..." என்று அவரே ஆரம்பித்தார்.

நைனாவின் கை இடுப்புக்குப் போகவில்லை. துண்டு தோளிலேயே கிடந்தது.

"வேணாம் சார்."

தலைமையாசிரியர் நிமிர்ந்தார்.

"நல்ல புள்ள சார். தங்கம். ஊர்ல எவனும் ஒரு கொறை சொல்ல முடியாது. வூட்ல எங்க பேச்சைக் கேக்கும், நாங்க பாத்துக்குவோம். அத்த எய்திக்கோங்க சார்."

"அதுக்கெல்லாம் இதிலே இடமே இல்லையேப்பா. பேரு, பிறந்த தேதி, அவ்வளவுதான்."

"எங்கனா ஓரத்துல எய்திக்கோங்க சார்."

தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. அவர் பேனாவை எடுத்து ஓரத்தில் ஏதோ எழுதினார். எழுதினாரோ, சும்மா கீறினாரோ. ரோசி அண்ணாந்து நைனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், தன்னைப்பற்றித்தான் சொல்கிறாரா என்று.

நைனா எழுந்திருக்கவில்லை. மேஜை மேல் எட்டி, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த எழுத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி மெதுவாகக் கேட்டார்:

"படிச்சி பாரு ஃப்ளோரா. நான் சொன்னதத்தான் எய்தியிருக்காரா?"